மூச்சை அடக்கி நின்றவர்

என் அப்பா வேலப்பன் கேமராவைக் கண்டால் மூச்சை அடக்கிக்கொள்வார். ஆதாருக்குப் படம் எடுத்தபோதும் இரண்டு கன்னமும் உப்ப, கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். "பெருசு, மூச்ச வுடுங்க, தண்ணிக்குள்ளயா உக்காந்திருக்கீங்க?" என்று ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

தாத்தா சின்னுசாமி, வருடம் ஒருமுறை எங்கள் கொல்லிமலைக்கு நடந்துவரும் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருக்குச் சுமை தூக்கியவர். கேமராவையும் படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் அடுக்கிய பெட்டியையும் அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து தலையில் வைத்து ஏற்றுவாராம். ஒருநாள் பாதிரியார் அவரையே நிற்கவைத்து, ஆடினால் படம் கலைந்துவிடும், மூச்சுகூட விடாதே என்று சொல்லிப் படம் பிடித்தாராம். அந்தப் படம் ஊருக்கு வரவேயில்லை. அப்பாவுக்கு இரண்டு வயதில் தாத்தா காய்ச்சலில் போய்விட்டார். முகம் அப்பாவின் நினைவில் இல்லை. மூச்சை அடக்கிய கதை மட்டும் இருந்தது.

படத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அப்பா ஆயுள் முழுக்கக் கேட்டது. மலைமேல் சோளக்காடு சந்தையில் மிளகும் வாழைப்பழமும் விற்பவர், பெரிய கேமராவோடு வரும் யாரையும் விடமாட்டார்.

"ஏனுங்க, பாதிரியார் புடிச்ச படமெல்லாம் உங்க ஆளுககிட்டத்தான இருக்கும்? எங்கய்யன் படம் இருக்குதுங்களா?"

கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம் என்று நம்பினார்.

"அடுத்த வாட்டி கொண்டாரோம் பெருசு" என்று சொல்லிவிட்டு, ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். அவரும் காத்திருப்பார். லீவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான் மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன ஆடியில் அங்கே பழைய புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். ஒரு படத்தில் கோவணம் கட்டிய ஒருவர், தலையில் பெட்டியோடு நின்றார். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கீழே, 'கொல்லிமலைக் கூலியாள். பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"தேன்மொழி, உங்க மலைதான? சொந்தக்காரரான்னு நல்லாப் பாருங்க, மூக்கு அப்படியே இருக்கு" என்றாள் உடன் வேலை செய்யும் சங்கீதா. நாலு பேர் சிரித்தார்கள்.

"எங்க ஊட்ல யாரும் கோவணங் கட்டிச் சொமை தூக்குனதில்ல" என்றேன்.

அடையாளம் தெரிந்தவர்கள் எழுதிவைக்க வாசலில் ஒரு நோட்டு இருந்தது. அதில் 'அருமையான முயற்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்திருப்பார். தலையில் துண்டோடு, எல்லோர் முன்னாலும் அந்தப் படத்தைப் பார்த்து "அய்யா" என்று கூப்பிட்டிருப்பார். அதற்குத்தான் பயந்தேன்.

போனில் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். "கண்ணு, டவுன்ல யாராச்சும் வெச்சிருக்காங்களான்னு விசாரிச்சியா?"

"விசாரிக்கிறேம்ப்பா."

தையில் அவருக்கு நெஞ்சுவலி. வண்டி மலை இறங்கி முடிப்பதற்குள் போய்விட்டார்.

மாலை போட வேறு படம் இல்லாமல் ஆதார் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தேன். "கன்னம் உப்பியிருக்கே மேடம், கொறச்சிரட்டுங்களா?" என்றார் ஸ்டூடியோக்காரர். வேண்டாம் என்றேன். அங்கிருந்து நேரே கல்லூரிக்குப் போய்த் தாத்தாவின் பெயரையும் ஊரையும் சொல்லி, ஒரு பிரதி வாங்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன்.

அம்மா அதை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்படியே ஒங்கப்பன்தான். எப்பக் கெடைச்சுது கண்ணு?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம்.

"ஆடியிலயே பாத்துட்டேம்மா."

அம்மா முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். "மார்கழியிலகூடக் கேட்டாரே."

"கேட்டாரு."

அம்மா, அப்பா படத்துக்கு நேர் எதிர்ச் சுவரில் தாத்தாவை மாட்டச் சொன்னாள்.

"பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.