பொரிப்பகக் கதவின் இரட்டைக் கண்ணாடி

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நானும் என் கணவரும் கண்ணாடிக் கடை வைத்திருந்தோம். அவர் அறுப்பார், நான் சட்டம் அடிப்பேன்.

ஒரு நாள் நாமக்கல் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறவர். முட்டைகளை அடைகாக்கும் மெஷினின் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டாம். உள்ளே சூடும் ஈரமுமாக இருப்பதால் அதில் எப்போதும் நீர் கோத்து ஒன்றும் தெரிவதில்லையாம். கதவைத் திறந்தாலோ சூடு போய்விடுகிறது, கரண்டும் வீண்.

"திறக்காம இருக்கவும் முடியலீங்க. உள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்கறப்ப எப்படிங்க பாக்காம இருக்கறது?"

என் கணவர் சிரித்துவிட்டார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றை அடைத்துவிட்டால் சூடு வெளியே போகாது, உள்கண்ணாடி குளிராததால் நீரும் கோக்காது என்றார். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் அப்படி ஒரு ஜன்னலைப் பார்த்திருந்தார். அந்தத் தைரியத்தில் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார்.

மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து ஒட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்ப் பொருத்தினோம். நான்காம் நாள் அந்த அம்மா திரும்ப வந்தார். இப்போது நீர் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே கோத்திருந்தது.

"முன்னால துணியில தொடச்சாவது பாப்பனுங்க. இப்ப அதுக்கும் வழியில்லீங்க" என்றார், கோபமே இல்லாமல். எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. மழை நாளில் ஒட்டியிருந்தோம். ஈரக்காற்றையும் ஈர மரத்தையும் சேர்த்தே உள்ளே வைத்து மூடியிருக்கிறோம்.

வழி கிடைத்தது போட்டோ ஸ்டுடியோவில். படம் போட்ட சட்டங்களைக் கொடுக்கப் போனபோது, லென்ஸ் பெட்டிக்குள் நீல நிறத்தில் குருணை மாதிரி ஏதோ கிடந்தது. ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் வெளிர்சிவப்பாகிவிடும், வறுத்தால் மறுபடி நீலமாகும் என்றார் ஸ்டுடியோக்காரர். மெட்ராஸிலிருந்து ஒரு டப்பா வரவழைத்தோம். நான் பழைய வாணலியில் வறுக்க, என் கணவர் எட்டிப் பார்த்து, மத்தியானம் உப்புமாவா என்று கேட்டார்.

இந்த முறை மரம் வேண்டாமென்று அலுமினியக் குழாயைச் சதுரமாக இணைத்தோம். கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்த முகத்தில் நுண்ணிய துளைகள் போட்டு, குழாய்க்குள் குருணையை நிரப்பினோம். கண்ணாடிகளைக் கழுவி, பழைய வேட்டியால் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினோம். உள்ளே கைரேகை பதிந்தால் பிறகு அழிக்கவே முடியாதே. ரப்பர் மாதிரி இறுகும் பசையால் குழாயின் இருபக்கமும் கண்ணாடியை ஒட்டி, விளிம்பைச் சுற்றிலும் இன்னொரு தடவை பூசி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் காயவிட்டோம்.

பொருத்திய பிறகு வந்த முதல் பொரிப்பு நாளுக்கு அந்த அம்மா எங்களையும் கூப்பிட்டிருந்தார். கண்ணாடி பளிங்காக இருந்தது. உள்ளே ஒரு முட்டை உடைந்து, நனைந்த தலையொன்று வெளியே வந்தது. மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றோம்.

அடுத்த மாதம் மற்ற மெஷின்களுக்கும் அளவு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். முதல் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க. ஊர்ச்சனமெல்லாம் வேடிக்கை பாக்க வந்துருதுங்க. வேலையே ஓட மாட்டேங்குதுன்னு அதுக்கு ஒரு திரை தெச்சுப் போட்டிருக்கறனுங்க."