குணமானவளின் சனிக்கிழமைகள்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் துணி வெட்டுகிறவளுக்கு வாயாடி என்று பேர். அவள் பேச ஆரம்பித்தால் பன்னிரண்டு மிஷின் ஓடுகிற சத்தமும் கேட்காது. மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடியப் பதினோரு மாதம் ஆயிற்று. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன மறுவாரமே வேலைக்குத் திரும்பினாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடது கை வீங்கியிருந்ததால் கத்தரியை வாங்கிக்கொண்டு பொத்தான் தைக்க உட்காரவைத்தார்கள். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவள் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். ஒருத்திகூட அவளை வாயாடி என்று கூப்பிடவில்லை.

லேசாக முதுகு வலித்தாலும் அவளுக்குக் கை கால் ஓடாது. மறுபடி வந்துவிட்டதோ? கணவரிடம் சொன்னாள்.

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே. இன்னும் ஏன் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கே?"

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அவளைத் தாங்கிக்கொண்டு அலைந்தவர்தான். அவருக்கும் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டரிடமே கேட்டுவிட்டாள். "பயமா இருக்கு டாக்டர். தூக்கமே வரல."

"ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர்; தொண்டையில் நோய் வந்து பிழைத்தவர். ஏன் அழுகிறாள் என்று கேட்டு, அவள் தன் பயத்தைச் சொன்னதும் கரகரத்த குரலில் சொன்னார்: "எனக்கும் அப்படித்தாம்மா. பொழச்சிட்டேன்னு வீட்ல ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் சாவு வீட்ல இருக்கிற மாதிரி இருக்கு."

அன்று அவள் வாய் ஓயாமல் பேசினாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை அதே பெஞ்சில் சந்திப்பதென்று முடிவாயிற்று. புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு டீச்சரும் சேர்ந்துகொண்டார். மூவரும் போய்த் தலைமை நர்ஸிடம் உட்கார ஓர் அறையும், ஆறுதலாகப் பேச ஓர் ஆளும் கேட்டார்கள்.

"மருந்து வைக்கவே இடமில்ல. உங்ககூட உட்கார்ந்து பேச ஆளும் இல்ல. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

நான்காவது மாதம் டீச்சர் வருவதை நிறுத்திக்கொண்டார். விஷயம் வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணம் தட்டிப்போய்விடும் என்று பயம். ஆறாவது மாதம் டிரைவரும் வரவில்லை. பெஞ்சிலிருந்தே போன் போட்டாள். அவர் மனைவி எடுத்தாள்.

"மறுபடி வந்துடுச்சும்மா. யார்கிட்டயும் பேசமாட்டேங்கிறார்."

"நான் வந்து பார்க்கட்டுமா?"

"வேணாம்மா. நல்லா இருக்கிற உங்களைப் பார்த்தா இன்னும் ஒடஞ்சிடுவார்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். தரை துடைக்கிறவள் வந்து, "காலைத் தூக்குங்க" என்றாள். தூக்கிக்கொண்டாள். எழுந்து போகவில்லை. யாராவது வந்தாலும் வரலாம்.