டிராகனும் துவாயும்

கற்பிட்டியில் எனக்குத் தலைமயிர் வெட்டும் சலூன்காரர் ஒல்லியானவர். எதைக் கேட்டாலும், பதிலுக்கு முன் கத்தரிக்கோலைக் காற்றில் இருமுறை வெட்டுவார். அவர் கடைச் சுவரில் பெரிய ஓவியம் ஒன்று: கறுத்த வானம், நெருப்புக் கக்கும் டிராகன், எதிரே பாறையில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். யுத்தம் முடிந்தபின் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவரின் அன்பளிப்பு.

"சேர், உயிருள்ள உருவம் இருந்தா வானத்து மலக்குமார் இறங்கி வரமாட்டாங்க, கழட்டுங்க எண்டு பள்ளிவாசல்ல செல்லுறாங்க. அந்த மனுசன் ஆசையாக் கீறித் தந்தது. கச்சேரியில அரசாங்க உத்தியோகம் பார்த்த நீங்க ஒரு வழி செல்லுங்க."

விதிகளில் ஓட்டை தேடியே ஓய்வூதியம் பெற்றவன் நான். "இருள் என்றால் பயம். டிராகன் யுத்தத்தின் குறியீடு. அப்படியொரு மிருகமே உலகத்தில் இல்லை. இல்லாததற்கு உயிர் ஏது? ஆட்சேபம் செல்லாது."

கத்தரிக்கோல் காற்றை இருமுறை வெட்டியது. "அப்ப இந்தப் பொம்பிள?"

"அதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்று காசைக் கொடுத்து எழும்பினேன்.

அடுத்த முறை போனபோது, ஓவியச் சட்டத்துக்கு மேலே அடித்த ஆணியிலிருந்து, முகம் துடைக்கும் ஈரத் துவாயொன்று பெண்ணை முழுதாக மறைத்துத் தொங்கியது. பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர் கதிரையில் நிம்மதியாகச் சவரம் செய்வித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இது என்ன குறியீடு?" என்று கேட்டேன்.

"துவாய் காயிது, சேர்."

யுத்தம் என்று நான் விளக்கிய அந்த டிராகனின் நெருப்பு, இன்றுவரை என் கண்ணுக்குத் துவாய் காயவைக்கும் நெருப்பாகவே தெரிகிறது.