இடது பக்கத்து சீட்

புது வண்டி எப்படியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் கணவர் சொல்லும் பதில் ஒன்று, நான் சொல்லாமல் விழுங்கும் பதில் ஒன்று. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் கார் அது, அவர் பேட்டரியில் ஆரம்பிப்பார். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும், கிளம்பும்போது சத்தமே வராது, பெட்ரோல் பங்க்காரன் எங்கள் முகத்தையே மறந்துவிட்டான் என்பார். பிறகு குறைகளுக்கு வருவார். ஏசியைக் கூட்டக் குறைக்கக்கூடத் தொடுதிரைக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது. கோயமுத்தூர் வெயிலுக்குக் கூரையில் கண்ணாடி எதற்கு? மலை ஏறும்போது இன்ஜின் தொண்டை கட்டினாற்போல் கத்துகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இடது பக்கம் எது நெருங்கினாலும் பீப் பீப் என்று அடித்து ஸ்டியரிங்கை உதறும் அந்தச் சனியன். இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறும்.

என்னைக் கேட்டால் அந்த வண்டியில் உருப்படியான சாமான் அது ஒன்றுதான். என் கணவருக்கு இடது பக்கம் கண் தெரியவில்லை. வண்டிக்கு அது தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. யாராவது ஒருவர் எங்கள் சக்கரத்தில் விழுவதற்கு முன் சொல்லிவிட வேண்டுமே என்ற தவிப்பில், போகும்போதும் வரும்போதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு துடியலூரில். தறிக் கூடம் பல்லடத்துக்குப் பக்கத்தில். அங்கே கணக்கு வழக்கு என் பொறுப்பு என்பதால் வாரத்தில் சில நாள் அவரோடு நானும் போவேன். அப்படிப் போகும்போதுதான் ஒருநாள் எனக்குப் புரிந்தது. கோழிக் கூண்டு கட்டிய மொபெட் ஒன்று எங்களுக்கு இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கோழிகளின் கொண்டையைக்கூட என்னால் பார்க்க முடிந்தது, அவ்வளவு பக்கம். இவர் வண்டியை அந்தப் பக்கமே சாய்த்துக்கொண்டு போனார். பீப் அடித்தது, ஸ்டியரிங் உதறியது, அவர் திடுக்கிட்டு வலது பக்கம் ஒடித்தார். மொபெட்காரர் காலை மண்ணில் ஊன்றி எப்படியோ நின்றுவிட்டார்.

"எங்கிருந்து வந்தான் இவன்?" என்றார்.

"பக்கத்துலயேதானுங்க வந்துட்டிருந்தாரு."

"இந்த வண்டிக்கு எதுக்கெடுத்தாலும் பதட்டம் அம்மணி. சும்மா போறவனைக் கண்டாக்கூடக் கத்துது."

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில், அவருக்கு இடது பக்கம் நின்று கைகூப்பி "வாங்க வாங்க" என்ற சம்பந்தி வீட்டுப் பெரியவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இவர் நடந்து போனார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கும்பிட்ட கைக்குப் பதில் கும்பிடு போடாமல் போவதைவிட அவமரியாதை வேறில்லை. அந்த மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. நான் பின்னாலேயே ஓடி, "அவருக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். பிறகு கொஞ்ச நாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் இவரிடம் சத்தம் போட்டுப் பேசினார்கள். எதற்கு இப்படிக் கத்துகிறார்கள் என்று இவர் என்னிடம் கேட்டார்.

நேரடியாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொல்லாமல் இல்லை. "கண்ணைக் காட்டிட்டு வந்துறலாமுங்களா?" என்று இரண்டு மூன்று முறை மெதுவாகக் கேட்டேன். கண்ணாடி போன வருடம்தான் மாற்றினேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன், "அப்பா, ஒரு டிரைவர் வெச்சுக்கலாமுங்களே" என்று போனில் சொன்னதற்கு இவர் அவனோடு பேச்சையே நிறுத்தினார். சின்ன வயதில் டெம்போவில் நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி முன்னுக்கு வந்த மனிதர். அவரிடம் இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று சொல்வதும் இனிமேல் நடக்க வேண்டாம் என்று சொல்வதும் ஒன்றுதான். எனக்குப் பயம் அவர் கோபத்துக்கு இல்லை. அதற்குப் பிறகு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான்.

அதனால் அந்த வேலையை வண்டியிடமே விட்டுவைத்திருந்தேன். அது என் வாயாக இருந்து கத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர் சர்வீஸ் சென்டருக்குப் போய் அதையும் நிறுத்திவிட்டு வந்துவிட்டார். "இப்பத்தான் வண்டி வண்டியாட்ட இருக்குது" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் வண்டியோடு கொடுத்த தடிமனான புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். திரையில் எந்தப் படத்தைத் தொட்டு, எந்தப் பக்கத்துக்குள் போய், எதை நகர்த்தினால் அந்தச் சத்தம் திரும்ப வரும் என்று பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். அடுத்த முறை பல்லடம் போகும் வழியில் வழக்கமாக நிற்கும் பேக்கரியில் அவர் டீ குடிக்க இறங்கினார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளேயே இருந்தேன். திரை நம் அவசரத்துக்கு வருவதில்லை, ஒவ்வொரு பக்கமும் திறப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடி வழியாக அவர் டம்ளரில் எவ்வளவு டீ மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சத்தத்தைப் போட்டுவிட்டேன்.

சூலூரைத் தாண்டும்போது பீப் அடித்தது. அவர் ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டினார். மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போய் அதை நிறுத்திவிட்டு வந்தார். நான் மறுபடியும் போட்டேன். அவர் நிறுத்துவதும் நான் போடுவதுமாக இது நடந்துகொண்டே இருந்தது. வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றே அவர் நம்ப ஆரம்பித்தார். சிரிப்பாகத்தான் இருக்கும், சொல்லும்போது. அந்தச் சமயத்தில் எனக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. அவர் தனியாகக் கிளம்பும் நாட்களில் போன் அடித்தாலே ஓடிப்போய் எடுத்தேன்.

கடைசியில் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார். இன்றைக்கு ஒரு முடிவு கட்டாமல் வருவதில்லை என்று போகும்போதே சொன்னார். அங்கே இருந்தவர் முப்பது வயதுக்காரர், நல்ல மரியாதையான மனிதர்.

"செக் பண்ணிப்போட்டமுங்க சார். வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. தானா ஆன் ஆகறதுக்கு வாய்ப்பே இல்லீங்களே."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"அய்யோ, அப்படிச் சொல்வனுங்களா."

"அந்த ஒயரையே எடுத்துப்போடுங்க. இனி ஜென்மத்துக்கும் அது கத்தக் கூடாது."

"வாரண்டி போயிருமுங்க சார்."

"போனாப் போகுது. எடுத்துப்போடுங்க."

சர்வீஸ்காரர் தலையை ஆட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார். முடியாது என்று சொல்வது மரியாதையில்லை என்று அவருக்கும் பழகியிருந்தது, எங்கள் எல்லாருக்கும் பழகியிருப்பதுபோலவே. நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு 'ங்க' போட்டுப் போட்டு ஒரு மனிதரை ரோட்டில் யார்மேலாவது ஏற்ற விட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, நில்லுங்க," என்றேன், அந்த ஆளிடம். "ஆன் பண்ணுனது நான்தானுங்க. ஒவ்வொரு தடவையும் நான்தான் பண்ணுனேன். இவருக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியறதில்லை."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த பெண்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டாள். அந்த மனிதர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜூஸ் ஏதாச்சும் சாப்பிடறீங்களா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

என் கணவர் வெளியே நடந்தார். பின்னாலேயே போனேன். அவர் ஏறி உட்கார்ந்தார், நான் என் பக்கம் ஏறினேன். வண்டியைக் கிளப்பவில்லை. சீட் பெல்ட் போடச் சொல்லி மணி டிங் டிங் என்று அடித்தது.

"எல்லாச் சத்தத்தையும் நிறுத்தச் சொன்னேன்," என்றார். "இதை மட்டும் நிறுத்தச் சொல்லலை. நீ ஏறி உக்காந்துட்டயான்னு எனக்கு இந்த மணியை வெச்சுத்தான் தெரியும்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"போன தீவாளிக்கு முன்னாடியே தெரியும். வலது கண்ணைப் பொத்துனா இடது கண்ணுல வெறும் புகைதான். இந்த வண்டியை எதுக்கு வாங்குனேன்னு நெனச்ச? அந்தப் பக்கம் யாராச்சும் வந்தாச் சொல்லும்னாங்க. சைடு கண்ணாடியில ஒரு லைட்டு எரியும், கழுத்தைத் திருப்பிப் பாத்துக்கலாம்னு நெனச்சேன். உனக்குக் கேக்கற மாதிரி இப்படிக் கத்தும்னு தெரியலை."

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை நாளும் நான் இவருக்காக ஒளித்தேன், இவர் எனக்காக ஒளித்திருக்கிறார். நடுவில் ரோட்டில் போன ஒருவருக்கும் இது தெரியாது.

"அந்தக் கோழிக்காரர் செத்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?" என்று கத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். "அவரு ஊட்டுக்குப் போய் என்ன சொல்லுவீங்க? வண்டி கத்துனது பொண்டாட்டிக்குக் கேட்டுரும்னு நிறுத்திப்போட்டேன்னு சொல்லுவீங்களா?"

அவர் ஸ்டியரிங்கின் மேல் இருந்த இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். கொடுப்பதற்குச் சாவிகூடக் கிடையாது இந்த வண்டியில், ஒரு ரிமோட் பாக்கெட்டில் இருந்தாலே போதும். வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து என் கதவுக்கு வெளியே நின்றார்.

"நீ அந்தப் பக்கம் போ அம்மணி," என்றார்.

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. பழைய சின்ன காரைப் பக்கத்துத் தெருவரைக்கும் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். சீட்டை முன்னுக்கு நகர்த்தினேன். பட்டனை அழுத்தினேன், சத்தமே இல்லை. கிளம்பியதா என்று கேட்டேன். கிளம்பிவிட்டது, பிரேக்கிலிருந்து காலை எடு என்றார். வீட்டுக்கு வேண்டாம், நேராக ஆர்.எஸ்.புரத்துக் கண் டாக்டரிடம் போகிறோம் என்றேன். சரி என்றார். கையெல்லாம் வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பஸ்கள் பின்னால் நின்று ஹாரன் அடித்தன, ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிரேக் போடுகிறேன் பேர்வழி என்று நான் ஒவ்வொரு முறையும் அவரை முன்னால் தள்ளினேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காந்திபுரம் மேம்பாலத்தில் ஏறியபோதுதான், அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை, உடம்பை லேசாகத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு வருகிறார் என்று கவனித்தேன்.

"என்னங்க, தப்பா ஓட்டறனா?"

"இல்லை," என்றார். "இந்தப் பக்கம் இருந்தா நீ தெரியற."