காமாலை என்று எழுதிய கை

"உங்க அத்தை எதனால இறந்தாங்க?"

டாக்டர் அக்காவையும் என்னையும் பார்த்துக் கேட்டார். அக்கா, வீட்டில் நிரப்பிக் கொண்டுவந்த படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். அப்பாவின் கையெழுத்தில் 'மஞ்சள் காமாலை' என்று இருந்தது.

"அப்பா பக்கமும் ஒண்ணும் இல்ல, அம்மா பக்கமும் இல்ல. அப்புறம் இந்த வயசுல மார்புப் புற்றுநோய்ச் சோதனைக்கு எப்படிம்மா எழுதித் தர்றது? யாரு போகச் சொன்னா?"

"அப்பாதான்."

ஆறு மாதமாக நச்சரிப்பு. "மார்புல ஏதும் இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடும்மா." ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். அக்காவுக்கு இருபத்தாறு வயது. அவள் லேசாக இருமினால்கூட அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிடுவார்.

அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தெருவில் அவர் பெயரே 'பஞ்சர்'தான். டியூபைக் காதருகே வைத்தே ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனாலும் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்காமல் ஒட்டுப் போட மாட்டார்.

நேரே கடைக்குப் போனோம். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தைக்கு என்னப்பா வந்துச்சு?" என்றாள் அக்கா.

"காமாலை," என்று சித்தப்பா முந்திக்கொண்டார்.

"உங்களைக் கேக்கல சித்தப்பா."

அப்பா தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "மார்புல கட்டி. முப்பத்திநாலு வயசு. எங்க அம்மாவுக்கும் அதேதான். வீட்ல காமாலைன்னே சொல்லிச் சொல்லி, படிவத்துலயும் கை அதையே எழுதிடுச்சு."

"நீ சும்மா இருண்ணே. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நாளைக்குச் சம்பந்தம் பேச யாரு வருவா?"

"பொண்ணுங்க உசிரோட இருந்தாத்தானேடா சம்பந்தம்?"

"பஞ்சர் ஒட்டுறவனுக்கு டாக்டர் நெனப்பு."

"பஞ்சர் ஒட்டுறவன்தான். தண்ணியில முக்காம மாட்டி அனுப்புன வண்டி எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போனவளுக்கு அவள் நோயைக்கூட விட்டுவைக்காத குடும்பம் இது. அப்பாவையும் நான் விடவில்லை. "ஆறு மாசமா நச்சரிச்சீங்களே, இந்த ஒரு வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் கடையைப் பூட்டினார்.

மறுநாள் அவரே எங்களோடு வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப இது பரம்பரையா வர்றதா இருக்கலாம். முதல்ல உங்க ரத்தத்தைத்தான் பாக்கணும்," என்றார் டாக்டர்.

"எனக்கா? நான் ஆம்பளையாச்சே."

"அப்பா வழியாவும் பொண்ணுக்கு வரும்."

அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார். கையை நீட்டினார். இரண்டு முறை பஞ்சால் துடைத்தும் ரப்பர்க் கறுப்பு போகவில்லை. "அது போகாதும்மா, முப்பது வருசத்துது," என்றார் ஊசி போட வந்தவளிடம்.

முடிவு வந்தது. அப்பாவிடம் அந்த நோயைக் கொண்டுவரும் மரபணுக் குறை இருக்கிறது. அக்காவிடமும் என்னிடமும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் ரத்தமும் சோதனைக்குப் போயிருக்கிறது. இருந்தால் வருடந்தோறும் பரிசோதனை, வந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்றார் டாக்டர்.

சித்தப்பாவிடமும் அது இருக்கலாம். அப்பா அவர் வீடு தேடிப் போய்ச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டார்கள். அன்றிலிருந்து சித்தப்பாவின் பெண்கள் இருவருக்கும் எங்கள் யாருடைய போனும் போவதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்தவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியப்பா ஒருவர் உள்ள இரண்டு பெண்களிடம் எப்படியாவது இது போய்ச் சேரட்டும். அத்தைக்கு வந்தது காமாலை இல்லை.