தங்கைக்காக நீட்டிய விரல்

ஆள்மாறாட்டத்தில் நான் சிறுவயதிலேயே கெட்டிக்காரி. ஏழு வயது முடிவதற்குள் மூன்று பிள்ளைகளுக்குப் பதிலாக நின்று பேர் கொடுத்திருக்கிறேன். நாங்கள் இருந்த தமிழ்நாட்டு அகதி முகாமில் தணிக்கை நாளென்றால் அதிகாரி வந்து வீடுவீடாகத் தலை எண்ணுவார். எண்ணும்போது இல்லாத தலைக்கு அரிசி கிடையாது. ஊருக்குப் போயிருக்கும் பிள்ளைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கவுனை மாற்றிக்கொண்டு போய் நிற்கும். இதை முகாமில் யாரும் பொய் என்று சொன்னதில்லை. ஒத்தாசை என்றுதான் சொல்வார்கள்.

போர் நேரத்தில் படகேறிப் போன அம்மாவும் அப்பாவும், போர் முடிந்து சில வருடம் கழித்து, முகாமிலேயே பிறந்த என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு விமானத்தில் திரும்பி வந்தார்கள். மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் மாமா தன் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார். பெரியவர்களுக்கு அது சொந்த ஊர். எங்கள் இருவருக்கும் அந்நிய தேசம்.

வந்த இரண்டாவது வாரம் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் பல் கிட்டிக்கொள்ளும்படி குளிரும், நடுக்கமும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பாள். அதற்கடுத்த நாள் மறுபடியும் நடுக்கம். அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. விமானத்தில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு புண்ணியவதி, நோயோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று காதில் போட்டிருந்தாள். அம்மா அதைத் தெய்வவாக்காகப் பிடித்துக்கொண்டாள். அடையாள அட்டை வேலையாக அலைந்துகொண்டிருந்த அப்பாவுக்கும் மாமாவுக்கும் வெறும் சளிக்காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, கசாயம் வைத்துக் கொடுத்தபடி இருந்தாள்.

அப்படியொரு நடுக்க நாளில்தான் அந்த மனிதர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பெட்டி, சட்டைப்பையில் ஒரு பட்டியல். மலேரியா பார்க்கிற உத்தியோகத்தராம். இந்தியாவிலிருந்து வந்த எல்லாரிடமும் இரத்தம் எடுத்துப் பார்ப்பது வழக்கம் என்றார். பட்டியலில் எங்கள் நான்கு பேரும் இருந்தோம்.

"சின்னவ வெளையாடப் போயிருக்கா சார், கூட்டிட்டு வர்றேன்" என்றாள் அம்மா. முதலில் என் வலது கை விரலில் குத்தினார். சுருக்கென்றது. நான் அழவில்லை.

உள்ளே போனதும் அம்மா என் கவுனை மாற்றினாள். ஒற்றைச் சடையை அவிழ்த்து இரட்டைச் சடை போட்டாள். முகாம்காரிக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு? தங்கை என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பதால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு போய் நின்று, புத்திசாலித்தனமாக இடது கையை நீட்டினேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "தங்கச்சிக்கு எத்தன நாளா காய்ச்சல், மகள்?"

"அஞ்சு நாளா" என்றேன். முழங்காலிலேயே கவனமாக இருந்தேன் நான்.

ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். குத்தாமலே விட்டதால் நம்பிவிட்டார் என்று நினைத்து எனக்கு ஒரே பெருமை. அவரோ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒரு பிளேன்டீ கெடைக்குமா புள்ள?" என்று அம்மாவைக் கேட்டார்.

பால் விடாத அந்தத் தேநீரை அம்மா கிளாஸில் கொண்டுவந்தாள். சொட்டுச் சொட்டாகக் குடித்தார். தான் கலேவெலப் பக்கத்து ஆள் என்றும், சின்ன வயதில் தனக்கும் இந்தக் காய்ச்சல் வந்து உம்மா சாக்கையெல்லாம் எடுத்துப் போர்த்தியும் குளிர் அடங்கவில்லை என்றும் சொன்னார். இன்னொரு பிளேன்டீ கேட்டார். இப்போது நாட்டில் அந்த நோய் இல்லை, அதனால்தான் ஒரு காய்ச்சலையும் விடாமல் தேடிப் போகிறோம் என்றார். மூன்றாவதும் கேட்டார். மாமா வீட்டுச் சீனி இப்படிக் கரைகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஓசி டீக்கு இப்படியும் அலைவானா ஒரு மனுசன்?

"காய்ச்சக்கார புள்ளய யாரும் திருப்பி அனுப்புறதில்ல புள்ள. ஆஸ்பத்திரியில வச்சிப் பார்ப்பாங்க. தாயும் கூடவே நிக்கலாம்" என்றார், கிளாஸைப் பார்த்தபடியே. அம்மா அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இன்னொன்னு கெடைக்குமா?" என்றார்.

நான்காவது பிளேன்டீக்கு உள்ளே போன அம்மா, தங்கையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். "இவதான் சார் சின்னவ" என்றாள்.

தங்கையின் இரத்தத்தைச் சின்னப் பட்டையொன்றில் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கோடு விழுந்தது. "மலேரியாதான். நல்ல வேள, இன்னைக்கே புடிச்சிட்டோம்" என்று பெருமூச்சு விட்டார். நோய் வந்ததில் இவருக்கென்ன சந்தோஷம் என்று நான் பல்லைக் கடித்தேன்.

அன்றே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் தங்கை பிஸ்கட்டுக்காக நர்ஸோடு சண்டை பிடித்தாள். அதைப் பார்த்து அம்மா ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு அழுதாள். எங்களை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் மாதாமாதம் வந்து தங்கையின் விரலில் குத்திப் பார்த்தார். என் விரலை ஒருவரும் கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். கடைசியாக வந்த நாளில், இனிப் பயமில்லை, வரத் தேவையில்லை என்றார். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் இஞ்சி தட்டிப் போட்டு, சீனி அள்ளிப் போட்டு பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் கையெடுத்து மறுத்தார். "வேணாம் புள்ள. எனக்கு வயித்துல புண். தேத்தண்ணி குடிச்சா ரெண்டு நாளைக்கி நெருப்பா எரியும். டொக்டர் தொடவே கூடாதுன்னு சொல்லி அஞ்சு வருசமாச்சி."

அம்மா கிளாஸைப் பிடித்தபடியே நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "நானா" என்றாள். அவருடைய ஆட்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதுவரை அவரை அவள் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

அஞ்சு வருசமாம்! மூன்று கிளாஸ் குடித்ததைப் பக்கத்தில் நின்று எண்ணியவள் நான். வாய் கூசாமல் இப்படிப் பச்சைப் பொய் சொல்கிற மனிதரைப் பார்த்து அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. ஆறிப்போவதற்குள் அந்த பிளேன்டீயை வாங்கி நானே குடித்துவிட்டேன்.