அணைக்காமல் விட்ட எஞ்சின்

பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. மீன் விற்ற பெண்ணுக்குப் பணம் அனுப்பிய தகவல் இன்னும் என் போனில் இருப்பதால் நேரம் சரியாகத் தெரிகிறது. கார் சுழன்றது அதற்குச் சற்று நேரம் கழித்துத்தான். ஆனால் தவறு தொடங்கியது மீன் வாங்கிய இடத்தில் என்றே நான் நினைக்கிறேன். என் மகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் கார் எங்கள் வாசலில் வந்து நின்ற அன்றே தொடங்கிவிட்டது என்பது என் கணவரின் கட்சி.

அது மகளுடைய கார் அல்ல. பெங்களூரில் அவளோடு வேலை செய்பவருடையது. அவர் வெளிநாட்டுக்குப் போயிருந்த நாட்களில் வண்டி சும்மா நிற்க வேண்டாம் என்று சாவியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஏன் உன்னிடம் கொடுத்தார் என்று கேட்டேன். எனக்கு ஓட்டத் தெரியும், அதனால் கொடுத்தார் என்றாள். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருப்பவளுக்கு இந்தப் பதில் போதாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

சாம்பல் நிறத்தில், இரண்டே இருக்கைகளோடு, என் இடுப்புயரம்கூட இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். காரைக்காலில் உள்ள வேகத்தடைகள் எத்தனை என்பதை அந்தக் காரில் போனபோதுதான் அறிந்தேன். ஒவ்வொன்றிலும் அடிவயிறு தட்டாமல் இருக்கக் குறுக்கே வளைத்து ஏற்ற வேண்டியிருந்தது. என் கணவர் ஒருமுறை குனிந்து உள்ளே பார்த்ததோடு சரி. "தரையில உக்காந்து போறதுக்குக் காரு எதுக்கு? பாய விரிச்சு இழுத்துட்டுப் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வெளியே வந்து, துறைமுகத்துக் கப்பல் வழி தவறித் தெருவுக்குள் வந்துவிட்டதோ என்று பார்த்தேன் என்றார்.

மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், கார் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்று நான்கு வருடமாகச் சொல்லி வந்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வரும்போது, வாம்மா, என் வேலை என்னவென்று இன்றைக்குக் காட்டுகிறேன் என்றாள்.

கீழவாஞ்சூர்ப் பக்கம் நிலக்கரி லாரிகள் நிறுத்தும் மைதானம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகத்தான் கிடக்கும். காவலுக்கு இருந்தவரிடம் அவள் போய் அனுமதி கேட்டாள். அவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். "கவுக்காம ஓட்டு பாப்பா. தூக்கி நிறுத்த இன்னிக்கி ஆள் கிடையாது" என்றார்.

முதலில் வேகமாகப் போய்ச் சட்டென்று திருப்பினாள். எங்களுக்குக் கீழே ஏதோ நறநறவென்று கடித்தது. கார் தானாக வேகம் குறைந்து, சொன்ன இடத்துக்குத் திரும்பியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வளைந்த இரண்டு கோடுகளோடு ஒரு சின்னக் கார் படம் மஞ்சளாக மினுக்கியது. இப்போது நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் அதுவே செய்தது என்றாள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று பெயர் சொன்னாள். கார் வழுக்கப் பார்க்கும்போது எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் கொடுப்பது, எஞ்சினின் சக்தியை எவ்வளவு குறைப்பது என்பதை அது கணக்கிடுகிறதாம். அந்தக் கணக்கை எழுதும் கூட்டத்தில் இவளும் ஒருத்தி.

பிறகு அதை நிறுத்திவைக்க ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். மஞ்சள் விளக்கு இப்போது மினுக்காமல் நிலையாக எரிந்தது. அதே வேகம், அதே திருப்பம். ஆனால் காரின் பின்பக்கம் எங்களைவிட்டுத் தனியாகக் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே கரித்தூள் சுவர்போல எழுந்தது. அவள் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, விட்டு, மறுபடி ஒடித்து, காரை நேராக்கி நிறுத்தினாள்.

"அது இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அதாம்மா எங்க வேலை" என்றாள்.

பயந்தேன் என்பதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பெருமையாகவும் இருந்தது என்பதை இங்கேதான் சொல்கிறேன்.

அந்தக் கன்ட்ரோலை மறுபடி போட மறந்துவிடாதே என்று சொன்னேன். மறந்தாலும் ஒன்றும் ஆகாது, எஞ்சினை ஒருமுறை நிறுத்திவிட்டுப் போட்டால் தானாக வந்துவிடும், மனிதருக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பி யாரும் கார் செய்வதில்லை என்றாள்.

திரும்பும் வழியில் திருமலைராயன்பட்டினத்தில் பட்டினச்சேரி மீனவப் பெண்கள் மீன் வைத்திருந்தார்கள். மகள் தானும் இறங்கி வந்து பொறுக்குவதாகச் சொல்லி எஞ்சினை அணைக்கக் கை கொண்டுபோனாள். நான் தடுத்தேன். வெயில் ஏறியிருந்தது. இன்னொருவருடைய காரில் மீன் வாடை தங்கிவிடுமே என்ற கவலை வேறு. "நீ இரு, ஏசி ஓடட்டும். ரெண்டு நிமிஷத்துல வந்துடுறேன்" என்றேன். சங்கரா வாங்கினேன். வாடை வராமல் இருக்க மூன்று பைகளில் போட்டுக் கட்டித் தரச் சொன்னேன். "என்னக்கா, மீன சீமைக்கா அனுப்பப் போறீங்க?" என்று அந்தப் பெண் சிரித்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மஞ்சள் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அந்த வெயிலில் நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலையின் வேகத்தடைகளுக்குப் பயந்து விழிதியூர் வழியாக உள்சாலையில் போனோம். சம்பா அறுவடை முடியும் சமயம். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரத்தில் கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நெல்லுக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையில், ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில் குடை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். குடைக்குக் கீழே அரக்கு நிறச் சேலை தெரிந்தது. காவலுக்கு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்தாள்.

எதிரே மூட்டையோடு ஒரு பைக் வந்தது. அதற்கு வழிவிட்டு இடது சக்கரங்களை நெல்லின் மேல் ஏற்றினாள். வேகம் அதிகமில்லை. ஊரில் எல்லோரும் செய்வதுதான். பேருந்துகூட அப்படித்தான் போகிறது. பைக் கடந்ததும், நெல்லைவிட்டு வெளியேற ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாள். அவ்வளவு சக்தியுள்ள காருக்குக் கொஞ்சம் என்பது கொஞ்சமில்லை. அடித்தட்டில் நெல் தெறிக்கும் சத்தம் கேட்டது. தகரத்தில் மழை விழுவதுபோல. அந்தச் சத்தம் திரும்பக் கேட்பதுபோல இருப்பதால் இப்போதெல்லாம் அரிசிப் பானையை நிரப்பும் வேலையை என் கணவரிடம் விட்டுவிட்டேன்.

பின்பக்கம் கிளம்பியது. மகள் எதிர்ப்பக்கம் ஒடித்தாள். மைதானத்தில் செய்த அதே செயல்தான். ஆனால் இங்கே ஒரு சக்கரம் நெல்லிலும் ஒரு சக்கரம் தாரிலும் இருந்தன. தார் பிடித்துக்கொண்டதும் கார் மறுபக்கம் வீசியெறியப்பட்டது. தென்னை, மதகு, வயல், மறுபடியும் அதே தென்னை. ஏதோ ஒன்று பின்னால் லேசாகத் தட்டியது. நின்றபோது நாங்கள் வந்த திசையைப் பார்த்து நின்றிருந்தோம். பைகள் பிரிந்து, என் மடியில் இரண்டு சங்கரா கிடந்தன. ஏசி குளிர்ச்சியாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் அப்போதுதான் எஞ்சினை அணைத்தாள்.

பைக்கில் வந்தவர் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டிருந்தார். இறங்கிப் பார்த்தோம். நாற்காலியைக் காணவில்லை. கரையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. வாய்க்காலில், ஆகாயத்தாமரைக்கு நடுவில், நாற்காலியின் நான்கு கால்கள் மேலே பார்த்தபடி நின்றன. குடை சற்றுத் தள்ளி மிதந்தது.

"அதுல ஆள் இருந்தாங்கதானே?" என்று மகள் கேட்டாள்.

இருந்தாங்க என்றேன்.

அவள் வாய்க்காலில் இறங்கினாள். தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. அவளுக்கு நீச்சல் தெரியும். கடல் பக்கத்தில் இருந்துகொண்டு தெரியாமல் இருக்கக்கூடாது என்று நான்தான் கற்றுக்கொள்ள அனுப்பினேன். நான் கரையில் நின்றபடி, அங்கே பார், இங்கே பார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா, அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வீடுகள் சற்றுத் தொலைவில் இருந்தன. சாலையில் ஒருவரும் இல்லை. கணவருக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன், மீன் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். வைத்துவிட்டேன்.

இனி இவளுக்கு என்ன ஆகும் என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. தண்ணீருக்குள் இருந்தவரைப் பற்றி அல்ல, தேடிக்கொண்டிருந்தவளைப் பற்றி. அதை எழுதாமல் விட்டால் இந்த நினைவு பொய்யாகிவிடும்.

மகள் மூழ்கினாள், எழுந்தாள், மறுபடி மூழ்கினாள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ எழும்போது அவள் கையில் அரக்குச் சேலையின் நுனி இருந்தது. அவள் இழுத்தாள். சேலை வேர்களில் சிக்கியிருந்தது, கனமாக வந்தது. ஒரு முழம், இன்னொரு முழம். அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். நான் மூடவில்லை. சேலை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மறுநுனியும் வந்தது. அதில் ஒன்றுமில்லை. அப்படியானால் ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறார் என்று நினைத்து அவள் மறுபடி மூச்சை இழுத்தாள்.

வீடுகள் இருந்த பக்கத்திலிருந்து, கையில் சொம்போடு, வெறுங்காலில், ஒரு அம்மா நடந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். வாசல்வரை எங்கள் சத்தம் கேட்டிருக்கும்போல, அவசரமாகத்தான் வந்தார். சிதறிய நெல்லைப் பார்த்தார், திரும்பி நின்ற காரைப் பார்த்தார், தண்ணீரில் நின்ற என் மகளைப் பார்த்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன். அவர் வாய்க்கால் ஓரத்துக்குப் போய்க் குனிந்தார்.

"ஏறி வா பாப்பா" என்றார். "அதுல உக்காந்திருந்தவ நான்தான். நாற்காலி சுடும்னு சேலையப் போட்டுட்டுச் சோறு திங்கப் போனேன். அதப் புழிஞ்சு எடுத்துட்டு மேல வா."